இஸ்வாராவில் வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக்: பெயிண்ட் அடிப்பதா, பளபளப்பு ஷைன் தடவியே ஓட்டுவதா?

இஸ்வாரா_97 (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். அப்பா ஓட்டிய புரோட்டோன் இஸ்வாரா கார் இப்போது என் கையில். 97ஆம் ஆண்டுக் காடி. இன்ஜினுக்குக் குறை இல்லை, சிவப்பு பாடியும் பாலிஷ் போட்டதில் தேறிவிட்டது, அது தேறியதால்தான் இப்போது பிளாஸ்டிக் கண்ணை உறுத்துகிறது. முன் பம்பர், பின் பம்பர், கதவு நீளத்துக்கு ஓடும் பட்டை, சைடு மிரர் கூடு, வைப்பருக்கு அடியில் கிடக்கும் நீளத் தட்டு, எதுவும் கறுப்பாக இல்லை. எல்லாம் வெளுத்துச் சாம்பல் நிறம்.

போன வருடம் ஒரு பட்டறையில் முன் பம்பரை மட்டும் கறுப்படிக்கக் கொடுத்தேன். எந்தப் பட்டறை என்று கேட்காதீர்கள். எடுத்து வந்த அன்று நன்றாக இருந்தது, மழைக்காலம் போய் வெயில் திரும்புவதற்குள் நம்பர் பிளேட் ஓரத்திலிருந்து தாள் தாளாக உரிய ஆரம்பித்துவிட்டது, காடி கழுவும் கடையில் தண்ணீர் பம்ப் அடித்தால் பெயிண்ட் தனியே பறக்கிறது. போய்க் கேட்டதற்கு, "பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிற்காது என்றால் காசு வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே.

தீபாவளிக்கு முன் நானே செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். வீட்டு முன்னால் கூரை போட்ட இடம் இருக்கிறது. பெயிண்ட்தான் வழியா? உண்மையிலேயே நிற்காதா?

செம்பனை_லோரி

தம்பி, இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா. கொஞ்சம் டீசல், கொஞ்சம் பழைய இன்ஜின் எண்ணெய், ஒரு துணி. துடைத்து விட்டால் கறுகறுவென்று வந்துவிடும். லோரி பம்பருக்கு எப்போதும் இதுதான். டீசல் நாற்றம் பிடிக்கவில்லையா, வீட்டுச் சமையல் எண்ணெய் இருக்கிறது, நம் ஊரில் செம்பனை எண்ணெய்க்கா பஞ்சம்.

கேலிசாக்காரி

அண்ணே, லோரிக்குச் சரி. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் போய் வரும் காடிக்கு எண்ணெய் தடவினால் அந்தத் தூசி மொத்தமும் அதில்தான் உட்காரும், அடுத்த மழைக்குக் கதவில் கறுப்புக் கோடாக வழியும். பக்கத்தில் உரசி நின்றவர் வேட்டி போச்சு.

இஸ்வாரா தம்பி, பெயிண்டைப் பற்றிப் பேசும் முன் ஒன்று. பாடிக்கு இப்போதுதான் பாலிஷ் போட்டதாகச் சொல்கிறீர்கள். பட்டையில் தெரியும் வெள்ளை முழுக்க வெயில்தானா, இல்லை பாலிஷும் வேக்ஸும் அந்தப் புள்ளிப் புள்ளியான மேடு பள்ளத்துக்குள் புகுந்து காய்ந்துவிட்டதா? தண்ணீர் ஊற்றிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நனைந்தால் இரண்டுமே கறுப்பாகத்தான் தெரியும். வேக்ஸ் என்றால் பெயிண்டை ஒட்டிய விளிம்பில் மட்டும் கோடாக நிற்கும். வெயில் என்றால் வானத்தைப் பார்த்திருக்கும் பக்கம் முழுக்க வெளுத்திருக்கும், அடிப்பக்கம் கறுப்பாகவே இருக்கும். வேக்ஸுக்கு பெயிண்ட் வேண்டியதில்லை. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத்பிரஷ். அதிலும் போகாததற்குக் கடலை வெண்ணெய் வைத்துத் தேய்த்தால் போகும், அதிலிருக்கும் எண்ணெய் வேக்ஸை இளக்கிவிடும். சிரிக்காதீர்கள், செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பிறகு சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வரும்.

இஸ்வாரா_97

அக்கா, பார்த்தேன். கதவுப் பட்டையில் விளிம்பில் கோடு இருக்கிறது, நீங்கள் சொன்னதுதான். ஆனால் பம்பர் மேல்பக்கமும் வைப்பர் தட்டும் வெயில்தான், விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது.

கையுறை_ஆலை (கமுந்திங்)

அந்த மாவுதான் விஷயம். ஆலையில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பலர் நினைப்பது கறுப்புச் சாயம் வெயிலில் போய்விட்டது என்று. போகவில்லை. பிளாஸ்டிக்கைக் கறுப்பாக்குவது கார்பன் பிளாக் என்ற கரித்தூள், அது வெயிலுக்கு அசையாத சரக்கு, அதைச் சேர்ப்பதே பாதி வெயிலைத் தடுக்கத்தான். உடைவது அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக். சூரியனின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மேல்தோலில் உள்ள நீளச் சங்கிலிகளை வெட்டி வெட்டிக் குட்டையாக்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் கறுப்பு அப்படியே இருக்கிறது. எண்ணெய் தடவினால் வெடிப்பை எண்ணெய் நிரப்பும், வெளிச்சம் சிதறாது, கறுப்பு தெரியும். மழையில் எண்ணெய் போனால் வெள்ளை திரும்பும். செம்பனை அண்ணன் வைத்தியம் அவ்வளவுதான்.

ஹீட் கன் வைத்துச் சூடு காட்டினால் கறுப்பு திரும்பும் என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அது உண்மை, மேல்தோல் இளகி வெடிப்பு மூடிக்கொள்கிறது. ஆனால் வெயிலைத் தாங்க ஆலையில் சேர்த்த மருந்து அந்தத் தோலில் எப்போதோ தீர்ந்துவிட்டது, அதனால் சில மாதத்தில் மறுபடி வெளுக்கும். பம்பருக்குப் பெரும்பாலும் போடும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் ஏறக்குறைய 160 டிகிரியில் உருகிவிடும், ஹீட் கன் அதற்கு மேல் வெகு சுலபமாகப் போகும். ஒரே இடத்தில் காட்டினால் பளபளவென்று ஒரு திட்டு விழும், இல்லை பட்டையே நெளியும். நெளிந்ததைத் திருப்ப முடியாது.

பைலாக்ஸ்_மாமா

இவ்வளவு கெமிஸ்ட்ரி எதற்கு. ஹார்ட்வேர் கடைக்குப் போ, மேட் பிளாக் பைலாக்ஸ் ஸ்பிரே பெயிண்ட் டின் இருபது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும், காடியைக் கழுவு, காய விடு, அடி. என் கஞ்சில் காடியின் பம்பர் அப்படி அடித்ததுதான், இன்றைக்கும் இருக்கிறது.

ஈப்போ_பெயிண்டர்

மாமா, உங்கள் பம்பருக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது. தம்பி பம்பருக்கு இல்லை, அதனால்தான் இங்கே எழுதியிருக்கிறார்.

முதலில் "பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது" என்ற பேச்சு. ரோட்டில் போகும் எந்த மைவி காடியையும் பாருங்கள், பாடி நிறத்தில் இருக்கும் பம்பர் பிளாஸ்டிக்தான், அது உரிந்தா கிடக்கிறது? நிற்கும். நிற்க வைக்கத் தெரிய வேண்டும்.

பம்பரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், இரண்டு அம்புக்குறிக்கு நடுவே எழுத்து அச்சடித்திருக்கும். பி.பி. என்றோ பி.பி. கூட்டல் ஈ.பி.டி.எம். (ஒரு செயற்கை ரப்பர்) என்றோ இருந்தால் பாலிபுரொப்பிலீன், டி20 என்று ஒட்டியிருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் என்ற கல்மாவு கலந்தது. ஏ.பி.எஸ். என்றால் வேறு சாதிப் பிளாஸ்டிக், பெரும்பாலும் மிரர் கூடும் கிரில்லும் அதுவாக இருக்கும். ஏ.பி.எஸ்.இல் பெயிண்ட் சுலபமாகப் பிடிக்கும். பி.பி.க்குப் பெயிண்ட் தாமரை இலைத் தண்ணீர், மேலே உட்காருமே தவிர ஒட்டாது. ஆலையில் பி.பி. பம்பரின் மேல் நெருப்பு ஜுவாலையைச் சட்டென்று ஓட்டி மேல்தோலை மாற்றிய பிறகுதான் பெயிண்டுக்கு அனுப்புவதும் உண்டு. அதை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். நமக்கு இருப்பது அட்ஹீஷன் புரோமோட்டர், பெயிண்டைப் பிடிக்க வைக்கும் அடிப்பூச்சு, நிறமில்லாமல் தண்ணீர் போல இருக்கும், குளோரின் சேர்த்த பாலியோலிஃபின் (பி.பி. இனத்துச் சரக்கு) கலந்தது. கடையில் பிளாஸ்டிக் பிரைமர் என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள், டின்னைத் திருப்பி பி.பி., டி.பி.ஓ. (ரப்பர் கலந்த பி.பி.) இரண்டுக்கும் ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏ.பி.எஸ்.க்கு மட்டும் ஆகும் பிரைமரை பி.பி.யில் அடித்தால் பிரைமரோடு சேர்ந்து உரியும். உங்கள் பட்டறையில் இதுதான் நடந்திருக்கும், இல்லை பிரைமரே போட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது எதிரி டயர் ஷைன், டயரும் பிளாஸ்டிக்கும் பளபளக்கத் தடவும் திரவம். எத்தனை வருடமாக அப்பா அதைத் தடவினாரோ, எல்லாம் சிலிகோன். சிலிகோன் இருக்கும் இடத்தில் பெயிண்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். இதில் எல்லாரும் செய்யும் தப்பு, கழுவும் முன்பே மணல்தாள் போடுவது. அப்படிச் செய்தால் சிலிகோனைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றிவிடுகிறீர்கள். முதலில் சோப்புத் தண்ணீர், பிரஷ். காய்ந்ததும் வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர், இரண்டு துணி: ஒன்றால் நனைத்துப் பூச வேண்டும், காயும் முன்னே மற்றதால் துடைத்து எடுக்க வேண்டும், துணியை அடிக்கடி திருப்ப வேண்டும், ஒரே துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தால் அழுக்கை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். பெட்ரோல் வேண்டாம். தின்னர் ஏ.பி.எஸ். பக்கமே போகக் கூடாது, கரைத்துவிடும்.

அப்புறம்தான் கீறல். மொரமொரப்பான பிளாஸ்டிக்குக்கு மணல்தாள் போட்டால் மேடு மட்டும் தேய்ந்து அந்தப் புள்ளி வேலைப்பாடு போய்விடும். சிவப்பு ஸ்காட்ச் பிரைட் தேய்ப்பு நார், எண் 7447, சோப்புத் தண்ணீரோடு தேய்த்தால் பள்ளத்துக்குள்ளும் போகும். மிரர் கூடு வழுவழுப்பாக இருந்தால் சாம்பல் நிற 7448 போதும். தேய்த்த பிறகு மறுபடி ஒரு முறை கிரீஸ் ரிமூவர். சுத்தமாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமா, தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருளும் இடத்தில் இன்னும் சிலிகோன் இருக்கிறது. ஆனால் பி.பி.யில் எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் முழுசாகப் பரவாது, அதனால் ஒரு இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

இஸ்வாரா_97

அண்ணே, நன்றி. பம்பர் உள்பக்கம் பி.பி. என்று இருக்கிறது. மிரரில் ஏ.பி.எஸ். கதவுப் பட்டையில் எழுத்தே இல்லை, இல்லை எனக்குத் தெரியவில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கையுறை_ஆலை

பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிளேடால் ஒரு துணுக்கு சுரண்டித் தண்ணீரில் போடுங்கள், ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீராக இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் ஏமாற்றும். மிதந்தால் பி.பி. வகைதான், அதன் அடர்த்தி 0.9. ஏ.பி.எஸ். 1.05 பக்கம், மூழ்கும். ஆனால் டால்க் 20 பங்கு கலந்த பி.பி.யும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதுவும் மூழ்கலாம். அதனால் மிதந்தால் நிச்சயம், மூழ்கினால் சந்தேகம். சந்தேகம் என்றால் பி.பி. என்றே வைத்துக்கொண்டு அட்ஹீஷன் புரோமோட்டர் அடித்துவிடுங்கள்.

செம்பனை_லோரி

சரி, அந்த வெள்ளை மாவு போக, தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் உறைய வைக்கும் அசிட் இருக்குமே, அதைத் தண்ணீரில் கலந்து கழுவினால் என்ன? ஒரு நிமிஷத்தில் சுத்தமாகிவிடாதா?

பழைய_மண்டோர்

யாரும் இந்தப் பேச்சைக் கேட்டு ஃபார்மிக் அசிட்டைக் கையில் எடுத்துவிடாதீர்கள். பால் வேலையில் இருந்தவன் சொல்கிறேன், கை வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன், கண்ணில் தெறித்தால் பார்வைக்கு ஆபத்து. அதுவும் பிளாஸ்டிக்கில் உள்ள மாவு அழுக்கு இல்லை, மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், அது பிளாஸ்டிக்கே உடைந்தது. அசிட் போட்டு என்ன செய்யப் போகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் இரும்பு துருப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று தம்பி. கறுப்பாக இருக்கிறது என்று கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டைக்கும் சேர்த்து அடித்துவிடாதே. ரப்பர் இழுக்கும், அமுங்கும், பெயிண்ட் கூடவே வராது, வெடித்து நிற்கும். பெரும்பாலும் அது நம் பால்மரத்து ரப்பரும் இல்லை, ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர், வெயிலையும் ஓசோனையும் நம் சரக்கைவிட நன்றாகத் தாங்கும் என்றுதான் அதைப் போடுகிறார்கள். வாழ்க்கை முழுக்க இயற்கை ரப்பரை நம்பிச் சாப்பிட்டவன் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடை, ரப்பருக்கென்று விற்கும் மருந்து இருந்தால் போடு, பெயிண்ட் அடிக்கும் அன்று டேப் ஒட்டி மறை.

கேலிசாக்காரி

மண்டோர் ஐயா சொன்னது நூறு சதம்.

மறைப்பதைப் பற்றி நானும் கொஞ்சம். முடிந்த அளவு கழற்றி அடியுங்கள். பம்பர் கழற்ற ஒரு மத்தியானம் போதும், ஆனால் இத்தனை வருடத்துக் கிளிப் எல்லாம் காய்ந்து போயிருக்கும், இழுத்தவுடன் கையோடு வரும், அதனால் கழற்றும் முன்பே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கதவுப் பட்டை இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் இருந்தால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு வாள் இழுப்பது போல இழுத்தால் பாடி கீறாமல் வந்துவிடும். திரும்ப ஒட்டும்போது பழைய பசை ஒரு துளி இருக்கக் கூடாது.

கழற்ற முடியாததை மறைக்கும்போது நாளிதழ் ஒரே தாளாக வைக்காதீர்கள், ஊறிப் பாடிக்கு வந்துவிடும், இரண்டு மடிப்பு வையுங்கள். காடி முழுவதையும் மூடுங்கள். பக்கத்தில் நான்கு அடிதானே என்று நினைப்போம், ஸ்பிரே புகை எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. நான் அடித்த அன்று பக்கத்து வீட்டு அக்கா கொடியில் காயப் போட்ட வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் எல்லாம்... அந்தக் கதை வேண்டாம். கொடியைப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

பைலாக்ஸ்_மாமா

புரோமோட்டர், ரிமூவர், ஸ்காட்ச் பிரைட், கிளிப், டேப். இப்போது செலவு எவ்வளவு ஆச்சு பாருங்கள். காடி விலையே எவ்வளவு இருக்கும்? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு டின் அடித்துவிட்டுப் போகலாம்.

ஈப்போ_பெயிண்டர்

மாமா, உரிந்ததன் மேல் அடிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் உரிந்ததைச் சுரண்டினால்தான் அடுத்தது, அந்த வேலை டின் விலையைவிடப் பெரிது. சரி, உங்கள் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன்: இதுவரை பெயிண்டே படாத பிளாஸ்டிக்கில் முதல் முறை அடிக்கும் முன் இரண்டு தரம் யோசியுங்கள். ஒரு முறை அடித்தால் அப்புறம் காலம் முழுக்க பெயிண்ட்தான். அதில் கல் பட்டால் சாம்பல் புள்ளி தெரியும், ஷாப்பிங் டிராலி உரசினால் தெரியும். அடிக்காத பிளாஸ்டிக் முழுக்க முழுக்கக் கறுப்பு, கீறினாலும் அடியில் கறுப்புதான்.

இஸ்வாரா_97

அப்படியானால் என்ன செய்வது? முன் பம்பர் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. மற்றது எதுவும் அடிக்கவில்லை.

கேலிசாக்காரி

நான் சொல்கிறேன். முன் பம்பருக்கு வேறு வழி இல்லை, பெயிண்ட். பின் பம்பரும் அதோடு ஒத்துப் போக வேண்டுமே, அதனால் அதுவும் பெயிண்ட். கதவுப் பட்டைக்கும் வைப்பர் தட்டுக்கும் பெயிண்ட் வேண்டாம், பிளாஸ்டிக்குக்கென்று வரும் செராமிக் கோட்டிங் சின்ன பாட்டில் போதும். எண்ணெய் மாதிரி ஈரமாக நிற்காது, காய்ந்து கெட்டியாகிவிடும், மழைக்குப் போகாது. என் கேலிசாவில் அதுதான் இருக்கிறது, ஒரு தீபாவளி தாண்டியும் கறுப்பாக இருக்கிறது. ஆனால் கழுவும் வேலை பெயிண்டுக்குச் சொன்னதேதான், சிலிகோன் மேல் கோட்டிங்கும் ஒட்டாது. பூசின உடன் துணியால் சமமாக இழுத்துவிடுங்கள், தேங்கிய இடம் காய்ந்தால் திட்டாகத் தெரியும்.

கையுறை_ஆலை

இதற்கு நான் ஓட்டு. வைப்பர் தட்டு நேரே வெயிலைப் பார்த்துக் கிடக்கும், கீழே இன்ஜின் சூடு. பெயிண்ட் அங்கேதான் முதலில் போகும்.

ஈப்போ_பெயிண்டர்

சரி, பம்பருக்கு வருவோம். பழைய பெயிண்ட் அரைகுறையாக நிற்கக் கூடாது, முழுக்க எடுக்க வேண்டும். அது பிடிக்காமல் போனது இப்போது உனக்கு நல்லது தம்பி, பம்ப் தண்ணீரிலேயே பாதிக்கு மேல் போய்விடும். மிச்சத்தை பி.பி. என்பதால் தின்னர் நனைத்த துணியால் துடைத்து எடுக்கலாம், பி.பி. அதற்கு அசையாது, ஊற வைக்காமல் துடைத்து எடு, முதலில் உள்பக்கம் ஒரு மூலையில் சோதித்துப் பார். கையுறை போடு, காற்று வரும் இடத்தில் செய். மிரரில் இந்த வேலை வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே சொன்னேன்.

அடிக்கும் நேரம். இப்போது அக்டோபர், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை வந்துவிடுகிறது, விடியற்காலையில் பனி. ஈரக் காற்றில் ஸ்பிரே அடித்தால் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றில் உள்ள ஈரம் அதில் இறங்கும், கறுப்பு பால் கலந்ததுபோல வெளுத்து நிற்கும். காலை பத்து மணிக்கு மேல், பனி போன பிறகு தொடங்கு, மதியத்துக்குள் முடி. வெயிலில் நேரே வைத்து அடிக்காதே, பிளாஸ்டிக் கொதித்தால் பெயிண்ட் சேருவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும். நிழலில் வை.

டின்னை நன்றாகக் குலுக்கு, உள்ளே குண்டு சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிடம். புரோமோட்டர் இரண்டு மெல்லிய கோட், ஈரமாகத் தெரிந்தால் போதும், வழியக் கூடாது. டின்னில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் கறுப்பு அடித்தாக வேண்டும், அந்த நேரம் தாண்டினால் அது பிடிப்பதை நிறுத்திவிடும், மறுபடி புரோமோட்டர் அடிக்க வேண்டும். டீ குடிக்கப் போய்விடாதே. கறுப்பு முதல் கோட் தூறல் மாதிரி, பிளாஸ்டிக் இன்னும் தெரியலாம், பரவாயில்லை. பத்து நிமிடம் விட்டு அடுத்தது. 20, 25 சென்டிமீட்டர் தள்ளி, பம்பருக்கு வெளியே தொடங்கி வெளியே முடி. மூன்று மெல்லிய கோட் போதும், நான்காவது ஆசை. மொரமொரப்பு நிரம்பிப் போனால் வழுவழுவென்று ஒரு போலிக் கறுப்பு வரும், தூரத்திலிருந்தே தெரியும்.

மைவி_பையன்

அண்ணே, மேட் வாங்குவதா கிளாஸ் வாங்குவதா? அப்புறம் 2கே டின் நல்லது என்கிறார்களே, சாமுராய் பிராண்டில் பார்த்தேன்.

ஈப்போ_பெயிண்டர்

இரண்டும் இல்லை, நடுவில் சாட்டின் என்று இருக்கும், இல்லையென்றால் டிரிம் பிளாக் என்று கேள். ஆலையில் வந்த கறுப்பு அந்த மினுமினுப்புதான். கிளாஸ் அடித்தால் பொம்மைக் காடி. மேட் அடித்தால் கை வைத்த தடமெல்லாம் நிற்கும், அழுக்கும் பிடிக்கும்.

2கே டின் அடியில் ஒரு குமிழ் இருக்கும், அமுக்கினால் உள்ளே ஹார்டனர் (கெட்டியாக்கும் மருந்து) கலக்கும், அதற்குப் பிறகு ஒரு நாள், இரண்டு நாளுக்குள் தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. பெட்ரோல் கொட்டினாலும் கரையாத அளவுக்குக் கெட்டி. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்கு ஆபத்தான ரசாயனம். துணி மாஸ்க், கோவிட் மாஸ்க் எதுவும் ஆகாது, வடிகட்டி கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வேண்டும், திறந்த வெளி வேண்டும், வீட்டில் குழந்தை இருந்தால் அன்று பக்கத்திலேயே வரக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர் தொடவே வேண்டாம். இந்த வேலைக்கு வந்த ஆரம்பத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. பம்பருக்குச் சாதாரண டின்னே போதும் என்பது என் அபிப்பிராயம்.

பழைய_மண்டோர்

அவர் சொல்வதைக் கேளுங்கள். 85இல் முதல் புரோட்டோன் சாகா காடி வந்த காலத்தில் தோட்டத்தில் ஒருவர் வாங்கி வந்தார், பட்டறையில் அந்தக் காடியைத் தொட்டவர் யாரும் மாஸ்க் போட்டதை நான் பார்த்ததில்லை. மூக்கில் துண்டு. பிறகு இருமல்.

இஸ்வாரா_97

முடித்துவிட்டேன், படம் ஏற்ற முடியவில்லை, எழுதிச் சொல்கிறேன். முன் பம்பர் பழைய பெயிண்ட் பம்ப் தண்ணீரில் பெரும்பாலும் போய்விட்டது, மூலை முடுக்கில் தின்னர். கழுவும் வேலைக்குத்தான் நேரம் போனது, அடிப்பது ஒன்றுமே இல்லை. கிரீஸ் ரிமூவர் துணி முதலில் பழுப்பாக வந்தது, அப்பா தடவியது அவ்வளவும். பின் பம்பரில் ஒரு இடத்தில் மட்டும் குழி விழுந்தது, டயருக்குப் பக்கத்துப் பக்கம், காய்ந்ததும் அங்கே மட்டும் தேய்த்துக் கழுவி மறுபடி புரோமோட்டர் போட்டு அடித்தேன், தெரியவில்லை. முந்தாநாள் மாலை மழை பெய்தபோது கூரைக்குக் கீழே இருந்ததால் தப்பியது. கதவுப் பட்டையில் அக்கா சொன்ன கடலை வெண்ணெய் வேலை செய்தது! கோட்டிங் இன்னும் பூசவில்லை.

செம்பனை_லோரி

எறும்பு வந்ததா?

இஸ்வாரா_97

வந்தது.

கேலிசாக்காரி

கழுவுங்கள் என்று எழுதியிருந்தேனே! கோட்டிங் பூசும் முன் அந்த எண்ணெய் மொத்தமும் போக வேண்டும், மறுபடி சோப்பு, மறுபடி ரிமூவர்.

ஈப்போ_பெயிண்டர்

நல்லது தம்பி. ஒரு வாரம் பம்ப் தண்ணீர் காட்டாதே, ஷாம்புவும் வேண்டாம், தூசி என்றால் வெறும் தண்ணீர். தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே இன்னும் மென்மையாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து உள்பக்கம் அடித்த ஒரு ஓரத்தில் பிளேடால் சின்னதாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, மாஸ்கிங் டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பார். டேப்பில் கறுப்பு வரவில்லை என்றால் பிடித்துவிட்டது. இனிமேல் பம்பர் பக்கம் டயர் ஷைன் டப்பா வரக் கூடாது. டயருக்கு வேண்டுமானால் துணியில் தெளித்துத் தடவு, நேரே ஸ்பிரே செய்யாதே, காற்றில் பம்பருக்கும் போகும், நாளைக்கு டச்சப் அடிக்க நினைத்தால் அதே குழி.

மைவி_பையன்

அண்ணே, வைப்பர் கையும் வெளுத்துத் துருப் பிடித்திருக்கிறது, அதையும் இதே டின்னில் அடிக்கலாமா?

ஈப்போ_பெயிண்டர்

அது இரும்பு. புரோமோட்டர் வேண்டாம். கழற்று, துருவை 320 மணல்தாளில் தேய்த்து எடு, உலோகத்துக்கான பிரைமர் போடு, அதன்மேல் அதே கறுப்பு அடிக்கலாம். பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு அடி, ரப்பரில் பட்டால் கண்ணாடி முழுக்கக் கோடு. கையைக் கழற்றும் முன் கண்ணாடியில் அது எங்கே நிற்கிறது என்று டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள், இல்லாவிட்டால் திரும்பப் போடும்போது கோணல்.

இஸ்வாரா_97

நானும் அதைச் செய்கிறேன். அண்ணே, புரோமோட்டர் டின்னில் பாதி மிச்சம் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சனிக்கிழமை ஈப்போ வருகிறேன்.

பைலாக்ஸ்_மாமா

எனக்கு எடுத்து வை.